செயல்சார் இணைப்பு குறைந்திருக்கிறது என்றால் மூளைக்குள் ஏதோ இழை அறுந்துவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி இது: "மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையில் இன்ன இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஃபங்ஷனல் கனெக்டிவிட்டி, அதாவது செயல்சார் இணைப்பு, குறைந்திருக்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் நரம்பு இழை ஏதாவது பழுதாகிவிட்டதா? கணிதத்தில் இதற்குத் துல்லியமான வரையறை உண்டா?"

இரண்டாவது பாதியிலிருந்து தொடங்குகிறேன். வரையறை பிடிபட்டுவிட்டால் முதல் பாதிக்கான பதில் தானாக வந்து நிற்கும்.

செயல்சார் இணைப்பு என்பது மூளைத் திசுவின் பண்பு இல்லை. மூளையின் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த இரண்டு பதிவுகளுக்கு இடையே உள்ள புள்ளியியல் உறவு. கார்ல் ஃபிரிஸ்டன் 1994ல் எழுதிய கட்டுரையில் தந்த வரையறையைத்தான் இன்றும் பெரும்பாலானோர் எடுத்தாள்கிறார்கள்: ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் இடங்களின் நரம்பியல் நிகழ்வுகளுக்கு இடையே காலப்போக்கில் காணப்படும் ஒட்டுறவு (கோரிலேஷன்), அதாவது இரண்டும் எந்த அளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது. கடத்துகிறது, தூண்டுகிறது, பேசிக்கொள்கிறது என்ற எந்த வினைச்சொல்லும் அதில் இல்லை. ஒரு பகுதி இன்னொன்றின் மீது செலுத்தும் செல்வாக்கை அவர் தனியாகப் பிரித்து வைத்தார். அதை விளைவுசார் இணைப்பு என்று சொல்லலாம். உண்மையான நரம்பிழைகள் எங்கிருந்து எங்கே ஓடுகின்றன என்பது மூன்றாவது விஷயம், அது கட்டமைப்பு இணைப்பு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் செய்திகளில் வரும் தவறுகளில் பாதி பிறக்கின்றன.

சரி, இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு முறை கிட்டே போய்ப் பார்ப்போம்.

ஒருவரை எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்க வைக்கிறார்கள். கண்ணைத் திறந்து ஒரு கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள், தூங்கிவிடாதீர்கள் என்கிறார்கள். இயந்திரம் 2 விநாடிக்கு ஒரு முறை முழு மூளையையும் படம் எடுக்கிறது. பத்து நிமிடத்தில் 300 படங்கள். ஒவ்வொரு படமும் சுமார் 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களால் ஆனது. ஒவ்வொரு கனசதுரத்துக்கும் ஒரு வெளிச்ச அளவு. அந்த வெளிச்சம் நரம்பணுக்கள் சுடுவதை நேரடியாகக் காட்டுவதில்லை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தப் பண்பு உண்டு, அது சுற்றியுள்ள சிக்னலைக் கொஞ்சம் மங்க வைக்கிறது. ஒரு பகுதி சுறுசுறுப்பானால் அங்கே தேவைக்கு மேலேயே புது ரத்தம் பாய்கிறது, மங்கல் குறைகிறது, படம் சற்றுப் பிரகாசமாகிறது. இந்த விளைவை 1990ல் செய்ஜி ஒகாவா குழுவினர் விலங்குகளில் காட்டினார்கள். ரத்தம் வந்து சேர நேரமாகும் என்பதால் சிக்னல் உச்சத்தைத் தொட 5, 6 விநாடி ஆகும். நரம்பணுக்களோ மில்லிவிநாடிக் கணக்கில் வேலை செய்பவை. இந்த இடைவெளியை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது இடது பக்க இயக்கப் புறணியில், அதாவது உடல் அசைவுகளை இயக்கும் மூளைப் பரப்பில், உள்ள கனசதுரங்களின் அளவுகளைச் சராசரி எடுத்தால் 300 எண்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். வலது பக்கத்திலும் அப்படியே இன்னொரு வரிசை. இரண்டுக்கும் பியர்சன் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுங்கள். பிளஸ் டூவிலோ கல்லூரி முதல் வருடத்திலோ போட்ட அதே கணக்குதான். 0.6 என்று வந்தால், "இவ்விரு பகுதிகளின் செயல்சார் இணைப்பு 0.6" என்று எழுதுகிறார்கள். அவ்வளவுதான்.

ஓய்வில் இருக்கும் மூளையில் இப்படி ஒன்று கிடைக்கும் என்பதே ஒரு காலத்தில் யாரும் எதிர்பார்க்காதது. எஃப்எம்ஆர்ஐ என்பது மேலே சொன்ன, ரத்த ஓட்டத்தின் வழியே மூளை இயக்கத்தைப் பார்க்கும் எம்ஆர்ஐ முறை. அதன் ஆரம்பகால ஆய்வாளர்களுக்கு, விரலைத் தட்டும்போது வரும் சிக்னல்தான் விஷயம். தட்டாதபோது வருவதெல்லாம் கழித்துத் தள்ள வேண்டிய இரைச்சல். மில்வாக்கியில் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பாரத் பிஸ்வால் அந்த இரைச்சலை உட்கார்ந்து பார்த்தார். 1995ல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கட்டுரையில், முதலில் இரண்டு கை விரல்களையும் தட்டச் சொல்லி இயக்கப் புறணி எங்கே என்று அடையாளம் கண்டார்கள். அப்புறம் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்லி 250 மில்லிவிநாடிக்கு ஒரு படம் வீதம் 512 படங்கள் எடுத்தார்கள். ஒரு பக்க இயக்கப் புறணியின் ஓய்வுநேர ஏற்ற இறக்கத்தோடு மூளையில் வேறு எந்த இடமெல்லாம் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று தேடியபோது, எதிர்ப்பக்க இயக்கப் புறணி பளிச்சென்று வந்து நின்றது. அந்த ஏற்ற இறக்கம் 0.1 ஹெர்ட்ஸுக்கும் கீழே, அதாவது ஒரு அலைக்குப் பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மந்தமான அசைவு.

அந்த 250 மில்லிவிநாடியைக் கவனிக்க வேண்டும். இதயத் துடிப்பு ஏறக்குறைய ஒரு ஹெர்ட்ஸ். 2 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால், 0.25 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எந்த அசைவும் தன் உருவம் மாறி மந்த அலையாக வேடம் போட்டு உள்ளே வந்துவிடும். பிஸ்வால் எடுத்த வேகத்தில் துடிப்பும் மூச்சும் தத்தம் இடத்திலேயே தெரியும், மந்த அலையோடு கலக்காது. அதனால் "இது வெறும் துடிப்பின் எதிரொலி" என்ற ஆட்சேபணைக்கு அந்தத் தரவிலேயே பதில் இருந்தது. இருந்தும் இந்தத் துறை அதை ஏற்றுக்கொள்ளச் சில வருடங்கள் ஆயின. 2001ல் மார்கஸ் ரெய்க்ல் குழு, ஓய்வில்தான் அதிகமாக இயங்கும் சில பகுதிகள் இருக்கின்றன என்று எழுதியது. 2003ல் மைக்கேல் கிரைசியஸும் சகாக்களும் அதே பகுதிகள் ஓய்வுநேர ஒட்டுறவிலும் ஒரே குழுவாக வருகின்றன என்று காட்டினார்கள். அதன்பின் வெள்ளம்தான்.

இனி கணிதம். ஒட்டுறவுக் கெழுவைச் சூத்திரமாகப் பார்ப்பதைவிடக் கோணமாகப் பார்ப்பது எனக்கு எப்போதும் தெளிவு தந்திருக்கிறது. 300 எண்கள் கொண்ட வரிசையிலிருந்து அதன் சராசரியைக் கழித்துவிடுங்கள். மிச்சமிருப்பது 300 பரிமாண வெளியில் ஒரு வெக்டர். இரண்டு பகுதி, இரண்டு வெக்டர். அவற்றுக்கு நடுவே உள்ள கோணத்தின் கொசைன்தான் ஒட்டுறவு. ஒரே திசை என்றால் 1, செங்குத்து என்றால் 0, எதிரெதிர் என்றால் −1.

இந்தப் பார்வை உடனே ஒரு விஷயத்தைச் சொல்லித்தருகிறது. அ, ஆ, இ என்று மூன்று பகுதிகள். அ–ஆ ஒட்டுறவு 0.8, ஆ–இ ஒட்டுறவும் 0.8. அ–இ எவ்வளவு இருக்கும்? 0.8 என்பது சுமார் 36.9 டிகிரி. அ–வுக்கும் இ–க்கும் நடுவே உள்ள கோணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்ட முடியாது, அதாவது அதிகபட்சம் 73.7 டிகிரி. அதன் கொசைன் 0.28. ஆக, அ–வும் இ–யும் ஒருபோதும் நேரடியாகத் தொடர்பில்லாதவை என்றாலும் அவற்றின் ஒட்டுறவு 0.28க்குக் கீழே போகவே முடியாது. வடிவியல் அதை அனுமதிக்காது. 0.8க்குப் பதிலாக 0.6 என்று வைத்துப் பாருங்கள்: 53.1 டிகிரி, இரண்டும் சேர்ந்தால் 106.3, கொசைன் −0.28. இப்போது அ–வும் இ–யும் எதிர்த்திசையில் போகக்கூட இடம் இருக்கிறது.

இதனால் என்ன என்று கேட்பீர்கள். மூளையை ஒரு வலைப்பின்னலாக வரைந்து, ஒட்டுறவு அதிகமுள்ள இடங்களுக்கு நடுவே கோடு போட்டு, "பாருங்கள், எத்தனை முக்கோணங்கள், எவ்வளவு இறுக்கமான குழுக்கள்" என்று சொல்லும் ஆய்வுகள் ஏராளம். அந்த முக்கோணங்களில் கணிசமானவை மூளையால் வந்தவை அல்ல. ஒட்டுறவைக் கொண்டு எந்த வலையைக் கட்டினாலும் முக்கோணங்கள் மிகையாக வரும். கொசைனின் குணம் அது. எதேச்சையாக உருவாக்கிய வலையோடு ஒப்பிட்டு "மூளை விசேஷமானது" என்று சொல்வதற்கு முன், எதேச்சையான நேரத்தொடர்களின் ஒட்டுறவிலிருந்து கட்டிய வலையோடு ஒப்பிட வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒரு கட்டுரை கவனித்திருக்கிறதா என்பதை வைத்தே நான் அதை நம்புவதா வேண்டாமா என்று பாதி முடிவு செய்வேன்.

அடுத்து, இழை இருக்கிறதா என்ற கேள்வி. ஒரே தெருவில் இரண்டு வீட்டில் ஒரே நொடியில் கரண்ட் போகிறது, ஒரே நொடியில் வருகிறது. ஒரு வருடம் பதிவு எடுத்தால் ஒட்டுறவு கிட்டத்தட்ட 1. அதற்காக முதல் வீட்டுச் சுவிட்சிலிருந்து இரண்டாம் வீட்டுக்கு வயர் போகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மூளையிலும் தலாமஸ் போன்ற ஆழ்பகுதிகள் பல இடங்களுக்கு ஒரே நேரத்தில் உள்ளீடு தருகின்றன. விழிப்புநிலை ஏறி இறங்குவது முழுப் புறணியையும் சேர்த்து அசைக்கிறது.

இதற்கு உறுதியான சான்று குரங்குகளிடம் கிடைத்தது. இடது, வலது முதன்மைப் பார்வைப் புறணிகளுக்கு நடுவே நேரடி இழைகள் பார்வைப் புலத்தின் நடுக்கோட்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும்தான் உண்டு. மற்ற பரப்புக்கு அநேகமாகக் கிடையாது. ஆனால் 2007ல் மயக்க மருந்து கொடுத்த மக்காக் குரங்குகளில் பார்த்தபோது, அந்த இழையில்லாப் பகுதிகளிலும் இரு பக்கமும் சேர்ந்தே ஏறி இறங்கின. மனிதர்களில் இன்னும் சுவாரசியமான ஒரு ஜோடி ஆய்வுகள் உண்டு. 2008ல், வலிப்புக்காக இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தை முழுவதுமாக வெட்டிய 6 வயதுக் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் இடது–வலது ஒட்டுறவுகள் பெருமளவு காணாமல் போயின, ஒரே பக்கத்துக்குள் உள்ளவை நிலைத்தன. ஆகவே இழைதான் காரணம் என்று தோன்றும். ஆனால் 2011ல், பிறவியிலேயே கார்பஸ் கலோசம் உருவாகாத பெரியவர்களைப் பார்த்தபோது அவர்களிடம் இடது–வலது ஒட்டுறவு கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருப்பதுபோலவே இருந்தது. வளரும் மூளை வேறு வழிகளில் அதே ஒத்திசைவை எட்டிவிட்டிருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்தால் உண்மை நிலவரம் புரியும். நேரடி இழை இருந்தால் ஒட்டுறவு இருக்க வாய்ப்பு அதிகம். 2009ல் கிறிஸ்டோபர் ஹனி, ஓலாஃப் ஸ்போர்ன்ஸ் உள்ளிட்டோர் இரண்டையும் ஒரே மனிதர்களில் அளந்து இதையே காட்டினார்கள். ஆனால் திருப்பிச் சொல்ல முடியாது. ஒட்டுறவைப் பார்த்து இழையை ஊகிக்கப் போனால் மறைமுகப் பாதைகளும் பொது உள்ளீடும் வந்து ஏமாற்றும்.

பொது உள்ளீட்டைக் கழித்துவிட முடியாதா? முடியும், ஓரளவுக்கு. பகுதி ஒட்டுறவு என்று ஒன்று இருக்கிறது. ஆ–வால் விளக்க முடிந்ததை அ–விலிருந்தும் இ–யிலிருந்தும் நீக்கிவிட்டு, மிச்சங்களுக்கு இடையே ஒட்டுறவு பார்ப்பது. மேலே சொன்ன உதாரணத்தில் அ–ஆ 0.8, ஆ–இ 0.8, அ–இ 0.64 என்று இருந்தால், 0.64இலிருந்து 0.8 × 0.8ஐக் கழித்தால் சுழி. அதாவது அ–வும் இ–யும் சேர்ந்து ஆடுவது முழுக்க ஆ–வின் வழியே வந்தது. முழு மூளைக்கும் இதை ஒரே வீச்சில் செய்ய, உடன்மாறுபாட்டு அணியின் (ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்ற எண்களின் அட்டவணை) நேர்மாறு அணியை எடுத்தால் போதும். இயல்நிலைப் பரவல் என்று எடுத்துக்கொண்டால், அந்த நேர்மாறில் சுழி உள்ள இடங்களெல்லாம் "மற்ற எல்லாப் பகுதிகளும் தெரிந்த பிறகு இவ்விரண்டுக்கும் தனித் தொடர்பு இல்லை" என்று சொல்கின்றன. ஒட்டுறவு என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மிக அழகான கணிதம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் அதற்கும் விலை உண்டு. முதலாவது, தரவு. மூளையை 360 பகுதிகளாகப் பிரித்தால் (2016ல் வந்த ஒரு முக்கிய வரைபடம் அப்படித்தான் பிரிக்கிறது) 64,620 ஜோடிகள். கையில் இருப்பதோ 300 படங்கள். அந்த அணியின் தரம் 299ஐத் தாண்டாது, 360க்கு 360 அணிக்கு நேர்மாறே கிடையாது. கிராஃபிகல் லாசோ போன்ற முறைகள் "பெரும்பாலான தொடர்புகள் சுழி" என்ற அனுமானத்தைச் சேர்த்துத்தான் விடை காண்கின்றன. இரண்டாவது, இன்னும் நுட்பமானது. ஆ என்பது பொது உள்ளீடாக இல்லாமல், அ–விலிருந்தும் இ–யிலிருந்தும் வாங்கிக்கொள்ளும் இடமாக இருந்தால்? அ–வும் இ–யும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, ஒட்டுறவு 0. இரண்டும் ஆ–வோடு 0.6. இப்போது ஆ–வை நீக்கிவிட்டு அ–இ பகுதி ஒட்டுறவைப் போட்டால் 0 கழித்தல் 0.36, அதைச் சூத்திரத்தின் வகுக்கும் எண்ணான 0.64ஆல் வகுத்தால் விடை −0.56. இல்லாத தொடர்பு ஒன்று வலுவாக முளைத்துவிட்டது. எதை நீக்க வேண்டும், எதை நீக்கக் கூடாது என்று தெரிய, இழைகள் எந்தத் திசையில் போகின்றன என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தானே கிளம்பினோம்.

திசையைத் தரவிலிருந்தே எடுக்கும் முயற்சிகளும் உண்டு. கிளைவ் கிரேஞ்சர் 1969ல் பொருளாதாரத் தரவுக்காகச் சொன்ன யோசனை: அ–வின் கடந்தகாலம் ஆ–வின் நாளையை முன்னறிய உதவினால் அ முந்துகிறது. எஃப்எம்ஆர்ஐயில் இது தடுமாறும். ரத்தம் வந்து சேரும் தாமதம் இடத்துக்கு இடம் வேறுபடும். உண்மையில் பின்தொடரும் பகுதியில் ரத்தம் சீக்கிரம் வந்துவிட்டால் அதுவே முந்துவதுபோலத் தெரியும். 2011ல் ஆக்ஸ்போர்டில் ஸ்டீபன் ஸ்மித் குழு, விடை தெரிந்த செயற்கைத் தரவை உருவாக்கிப் பல முறைகளைச் சோதித்தது. தாமதத்தை நம்பும் முறைகள் மோசமாகத் தோற்றன, பகுதி ஒட்டுறவும் அதன் உறவுமுறைகளும் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பதை நன்றாகக் கண்டுபிடித்தன. ஃபிரிஸ்டன் தரப்பில் 2003ல் வந்த டைனமிக் காசல் மாடலிங், நரம்பணு இயக்கத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் தனித்தனிச் சமன்பாடு எழுதித் திசையைக் கேட்கிறது. அது வேறு உலகம், இங்கே விட்டுவிடுகிறேன்.

நேரத்தொடர் என்பதாலேயே வரும் சிக்கலை விட முடியாது. 1926ல் உட்னி யூல், நேரத்தொடர்களுக்கு நடுவே ஏன் அர்த்தமில்லாத ஒட்டுறவுகள் வருகின்றன என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதமும் நாட்டின் இறப்பு விகிதமும் அபாரமாக ஒத்துப்போன உதாரணம் அதில் இருந்தது. மந்தமாக மாறும் இரண்டு தொடர்கள் தற்செயலாகவே நீண்ட நேரம் சேர்ந்து போகும். எஃப்எம்ஆர்ஐ சிக்னல் அப்படி மந்தமானது. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு 0.8 அளவுக்கு ஒத்திருக்கிறது, அந்த ஒப்புமை படிப்படியாக அதே விகிதத்தில் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒட்டுறவின் மாறுபாடு, 1.64ஐ 0.36ஆல் வகுத்தால் வரும் அளவுக்கு, அதாவது சுமார் நாலரை மடங்கு பெருத்துவிடும். 300 படங்கள் எடுத்ததாக நினைக்கிறோம், உண்மையில் 66 சுதந்திரமான படங்களின் தகவல்தான் கையில். 300 என்று நம்பினால் 0.11 ஒட்டுறவையே கண்டுபிடிப்பு என்று அறிவிப்போம். 66 என்று தெரிந்தால் 0.24 வரை தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் தலையசைவு. ஸ்கேனருக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தலை அசைந்தாலே போதும், பக்கத்துப் பக்கத்து இடங்களின் ஒட்டுறவு ஏறி, தொலைவில் உள்ளவற்றின் ஒட்டுறவு இறங்கிவிடும். 2012ல் மூன்று வெவ்வேறு குழுக்கள் இதைக் காட்டின. அவற்றில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் குழு, குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றித் தாங்களே முன்பு சொன்ன முடிவுகளைத் திரும்பச் சோதித்தது. வளர வளர அருகிணைப்பு குறைந்து தொலைவிணைப்பு கூடுகிறது என்பது அந்த முடிவு. சின்னப் பிள்ளைகள் அதிகம் அசைவார்கள், பெரியவர்கள் குறைவாக அசைவார்கள். அந்த முடிவின் ஒரு பகுதி வெறும் அசைவு. அதை வெளிப்படையாக எழுதியது எனக்கு மிகுந்த மரியாதையைத் தந்த செயல்.

அசைவையும் மூச்சையும் நீக்க ஒரு எளிய வழியாக, முழு மூளையின் சராசரிச் சிக்னலை ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கழிப்பார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். அப்படிக் கழித்த பிறகு, எந்தக் கணத்திலும் எல்லாப் பகுதிகளின் மிச்சங்களைக் கூட்டினால் சுழி. ஆகவே ஏதாவது ஒரு பகுதிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும், தன்னையும் சேர்த்து, உள்ள உடன்மாறுபாடுகளைக் கூட்டினாலும் சுழி. தன்னோடு தனக்குள்ளது மாறுபாடு, அது நேர்மறை. மற்றவை சேர்ந்து எதிர்மறையாக இருந்தே தீர வேண்டும். மூளையில் என்ன நடந்தாலும் சரி, எதிர் ஒட்டுறவுகள் வந்தே தீரும். 2005ல் ஓய்வு வலையும் (ஓய்வில் அதிகம் இயங்கும் என்று மேலே சொன்ன பகுதிகள்) கவன வலையும் (கவனம் செலுத்தும்போது இயங்கும் பகுதிகள்) ஒன்றுக்கொன்று எதிராக ஆடுகின்றன என்ற பிரபலமான முடிவு வந்தபோது இந்தக் கழித்தல் அதில் இருந்தது. 2009ல் கெவின் மர்ஃபியும் சகாக்களும் மேலே சொன்ன வாதத்தை எழுதிய பிறகு பெரிய விவாதம் நடந்தது. கழிக்காமல் விட்டால் அசைவும் மூச்சும் உள்ளே வரும், கழித்தால் சுழியின் இடமே மாறிவிடும். நடுநிலையான தேர்வு என்று எதுவும் இல்லை. எதைத் தேர்ந்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்க முடியும்.

தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்சிக்னலைப் பதியும் இஇஜியில் சிக்கல் வேறு விதம். மண்டைக்குள் ஒரே இடத்தில் பிறக்கும் மின்புலம் பல மின்முனைகளுக்கு ஒரே கணத்தில் பரவும், எல்லாம் ஒத்திசைவதுபோலத் தோன்றும். அதனால் அங்கே சுழித் தாமதத்தோடு வரும் உறவையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கோஹிரன்ஸ் என்னும் ஒத்திசைவு அளவின் கற்பனைப் பகுதியை (கலப்பெண்ணின் கற்பனைப் பகுதி) மட்டும் பார்க்கும் முறை 2004ல் வந்தது. உண்மையான ஒரேநேர ஒத்திசைவும் அதோடு போய்விடும் என்பது அதன் குறை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த எண் எதற்கும் உதவாதது என்று நினைத்துவிடாதீர்கள். 2015ல் எமிலி ஃபின் உள்ளிட்டோர் 126 பேரின் தரவை எடுத்து, மூளையை 268 இடங்களாகப் பிரித்து, ஒருவரின் ஒரு நாள் ஒட்டுறவு அணியைக் கொண்டு இன்னொரு நாள் தரவுக் குவியலில் அவரைத் தேடினார்கள். இரண்டும் ஓய்வுநேரப் பதிவுகளாக இருந்தபோது பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் சரியான ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு ஆள் மாறும், அதேசமயம் ஒருவருக்குள் நிலைத்து நிற்கும் ஏதோ ஒன்று அந்த அணியில் இருக்கிறது. மூளைக் கட்டி அறுவை சிகிச்சைக்கு முன், விரல் தட்டவோ பேசவோ முடியாத நோயாளியிடம் இயக்கப் பகுதி எங்கே என்று அறிய ஓய்வுநேரப் பதிவு கைகொடுக்கிறது. மனச்சோர்வுக்குத் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சையில், முன்புறணியில் எந்தப் புள்ளியில் கொடுப்பது என்பதற்கு, ஆழத்தில் உள்ள சப்ஜெனுவல் சிங்குலேட் பகுதியோடு எந்தப் புள்ளி அதிகமாக எதிர்த்து ஆடுகிறது என்று பார்க்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் இந்த அடிப்படையில் உருவான சிகிச்சை முறைக்கு 2022ல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. மேலே எதிர் ஒட்டுறவைப் பற்றி அத்தனை எச்சரிக்கை சொன்னேன், அதே எதிர் ஒட்டுறவுதான் இங்கே காந்தச் சுருளை வைக்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துவதால், சுழி எங்கே இருக்கிறது என்ற தகராறு இங்கே அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மனச்சோர்வு உள்ளவர்களிடம் இரண்டு பகுதிகளின் இணைப்பு 0.5இலிருந்து 0.25க்குக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பகுதிகளிலும் பொதுவான ஒரு சிக்னல், அதோடு ஒவ்வொன்றுக்கும் சொந்தமான ஒரு ஏற்ற இறக்கம் இருப்பதாக எளிமையாக நினைத்தால், ஒட்டுறவு என்பது பொதுச் சிக்னலின் மாறுபாட்டை மொத்த மாறுபாட்டால் வகுத்தது. பொதுவானது 1, சொந்தமானது 1 என்றால் விடை 0.5. பொதுவானது அப்படியே 1ஆக இருந்து, சொந்தமானது 3ஆகப் பெருகினால் விடை 0.25. இரண்டுக்கும் நடுவே எதுவும் குறையவில்லை. ஒவ்வொன்றும் தனக்குள் அதிகமாக அலைபாய்கிறது, அவ்வளவே. அந்த அலைபாய்தல் நரம்பணுக்களிலிருந்து வந்திருக்கலாம், மருந்தால் ரத்தநாளங்கள் வேறு விதமாக நடந்துகொள்வதால் வந்திருக்கலாம், நோயாளிகள் ஸ்கேனரில் தூங்கி வழிந்ததால் வந்திருக்கலாம், தலையைக் கொஞ்சம் அதிகம் அசைத்ததால் வந்திருக்கலாம். அல்லது உண்மையிலேயே பொதுச் சிக்னல் பலவீனமாகி இருக்கலாம். 0.25 என்ற எண்ணை மட்டும் பார்த்து இவற்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் படித்த செய்திக்குப் பின்னால் உள்ள கட்டுரை கிடைத்தால், முறைகள் பகுதியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். இரு குழுக்களின் தலையசைவு சமமாக இருந்ததா, ஒட்டுறவோடு கூட அந்தப் பகுதிகளின் மாறுபாட்டையும் தனியாகக் கொடுத்திருக்கிறார்களா, முழு மூளைச் சராசரியைக் கழித்தார்களா இல்லையா. இழைகளைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதே நபர்களுக்கு, நரம்பிழைகளின் பாதையைப் பார்க்க உதவும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐயும் எடுத்திருக்க வேண்டும். அது எடுக்காமல் "தொடர்பு அறுந்தது" என்று யார் எழுதினாலும், அந்த வாக்கியம் தரவிலிருந்து வந்ததில்லை.